பாசிக்குப் போகிற பெண்ணுக்கு நீர்க்கடுப்பு வந்தால்

எங்கள் பக்கம் நீர்க்கடுப்பு என்றால் யாரும் ஆஸ்பத்திரிப் பேச்சை எடுக்க மாட்டார்கள். 'சூடு' என்பார்கள், அத்தோடு முடிந்தது. பங்குனி வெயிலில் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறவளுக்குச் சூடு பிடிக்காமல் என்ன செய்யும் என்பது என் மாமியாரின் கேள்வி. மண்டபத்துக்குப் பக்கத்தில் வடகடலில் மூங்கில் மிதவை போட்டு, பெப்சி பாசி என்று நாங்கள் சொல்கிற கடல்பாசி வளர்க்கிறோம். விடியுமுன் கரைக்குப் போனால் திரும்ப மதியமாகிவிடும்.

முதலில் ஒண்ணுக்கு முடியும்போது மட்டும் சுருக்கென்று இருந்தது. மறுநாள் கால் மணிக்கு ஒருதரம் முட்டிக்கொண்டு வரும், போய் உட்கார்ந்தால் நாலு சொட்டு. அந்த நாலு சொட்டுக்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அடிவயிற்றில் ஒரு கனம். நீர் கலங்கி, வாடையும் மாறியிருந்தது.

மாமியார் தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தார், சீரகத் தண்ணீர் காய்ச்சித் தந்தார். நுங்கும் வாங்கி வந்தார்கள். குறை சொல்ல மாட்டேன், நிறையக் குடித்ததில் நீர் தெளிந்து எரிச்சல் கொஞ்சம் மட்டுப்பட்டது. ஆனால் மூத்திரப் பையில் கிருமி இருந்தால் நுங்கு அதைக் கொல்லாது. ராத்திரி மறுபடி ஆரம்பித்துவிட்டது.

"மெடிக்கல்ல சொன்னா மூணு மாத்திரை தருவாங்க தாயி, ஒரே நாள்ல நிக்கும்" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. என் நாத்தனாருக்கு அப்படித்தான் தந்தார்கள். நிற்கும், அடுத்த மாதம் திரும்ப வரும், திரும்ப அதே மாத்திரை. அதைப் பார்த்திருந்ததால் நான் காலையில் முதல் பஸ்ஸில் ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்குப் போய்விட்டேன்.

டாக்டரம்மா மாத்திரை எழுதுமுன் கேள்விதான் கேட்டார். குளிர்காய்ச்சல் இருக்கா, முதுகோரத்தில் வலி, வாந்தி உண்டா, நீரில் ரத்தம் தெரிகிறதா, தலைக்குளிப்பு (மாதவிலக்கு) எப்போது வந்தது, சர்க்கரை பார்த்திருக்கிறதா. காய்ச்சலும் முதுகுவலியும் சேர்ந்தால் கிருமி சிறுநீரகம் வரை ஏறியிருக்கலாமாம், அப்போது ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. வலி விலாவிலிருந்து அரைக்கு இறங்கிப் புரட்டி எடுத்தால் கல்லா என்று பார்க்க வேண்டும். கர்ப்பிணி என்றால் கணக்கே வேறு.

இன்னொன்றும் கேட்டார், அதை நான் யோசித்ததே இல்லை. "எரிச்சல் உள்ளேயா, இல்ல நீர் வெளித்தோல்ல படும்போதா? அரிப்பு, வெள்ளைப்படுதல் இருக்கா?" ஈரத்துணியோடு நாள் முழுக்க நிற்கிறவர்களுக்குத் தோலில் பூஞ்சை பிடித்தும் இப்படி எரியுமாம். அதற்குக் கிருமி மாத்திரை தின்றால் பூஞ்சை இன்னும் கூடும். எனக்கு உள்ளேதான்.

என்ன கிருமி, அதற்கு எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கிற கல்ச்சர் பரிசோதனைக்கு நீர் பிடிப்பதில் ஒரு முறை இருக்கிறது. வெறும் தண்ணீரால் கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதை மட்டும், விரல் உள்ளே படாமல், அவர்கள் தரும் டப்பாவில் பிடிக்க வேண்டும். முதல் மாத்திரை போடுமுன் பிடித்தால்தான் கிருமி ஒழுங்காகத் தெரியும். வீட்டில் பிடித்து பஸ்ஸில் கொண்டுபோவது சரிப்படாது. வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் வைத்தால் கிருமி பெருகிக் கணக்கு கெட்டுவிடும். தாழ்ப்பாள் இல்லாத கக்கூஸில் ஒரு காலால் கதவை அடைத்துக்கொண்டு இதையெல்லாம் செய்வது தனி வித்தை.

முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதற்குள் தவிக்க வேண்டாம் என்று அன்றே நைட்ரோபுரான்டாயின் என்கிற கிருமி மாத்திரை தொடங்கினார்கள், 5 நாளுக்கு. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், சாப்பிட்டதும் போட வேண்டும். நீர் அடர்மஞ்சளாய், பழுப்பாய்ப் போகும், பயப்பட வேண்டாம் என்று நர்ஸக்கா முன்கூட்டியே சொன்னது நல்லதாய்ப் போயிற்று. எரிச்சலுக்கு எல்லாரும் குடிக்கிற சிட்ரேட் சிரப்பை இந்த மாத்திரையோடு சேர்க்காதே என்றார்கள், மருந்தின் வேகம் குறையுமாம். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு இந்த மாத்திரையே ஆகாது.

முடிவுத்தாளில் ஈ. கோலை என்று போட்டிருந்தது. வயிற்றுக்குள் எல்லாருக்கும் இருக்கிற கிருமிதான், இடம் மாறி வந்திருக்கிறது. பெண்களுக்கு நீர் வெளியே வருகிற பாதை 4 சென்டிமீட்டர் அளவுதான் என்பதால் ஏறுவது சுலபம். கீழே மருந்துப் பட்டியலில் கேட்கும் மருந்துக்கு 'எஸ்', கேட்காததுக்கு 'ஆர்'. நான் சாப்பிட்டதற்கு எஸ். நாத்தனாருக்கு மாதாமாதம் தந்த மாத்திரைக்கு நேரே ஆர். எனக்கு வந்த கிருமிதான் அவளுக்கும் என்று சொல்ல முடியாது, ஆனாலும் அந்தத் தாளை அவளிடம் காட்டினேன்.

சீக்கிரமே எரிச்சல் நின்றது, மாத்திரையை முழுக்க முடித்தேன். ஆனால் டாக்டரம்மா கடைசியில் கேட்ட கேள்விக்குத்தான் மருந்து இல்லை: "காலையில எவ்வளவு தண்ணி குடிக்கிற?" குடிப்பதே இல்லை. குடித்தால் போக வேண்டும், எங்கே போவது? கடலுக்குள்ளேயே போகலாமே என்பார்கள் ஆண்கள். சுற்றி வள்ளம் நிற்கும்; கரையில் கயிற்றில் விதை கட்டும் இடத்தில் ஏஜென்ட், லாரிக்காரர்கள். அடக்கி அடக்கிப் பழகிவிட்டோம். அடக்கின நீரில்தான் கிருமிக்குப் பெருக நேரம் கிடைக்கிறது.

இப்போது ஆளுக்கொரு கேனில் வீட்டிலிருந்து காவிரித் தண்ணீர் கொண்டுபோகிறோம். வேலை முடிந்த கையோடு ஈரத்தை மாற்ற உலர்ந்த துணியும். மறைப்புக்கு முதலில் ஒருத்தி சேலையை விரித்துப் பிடிப்பாள். பிறகு எல்லாருமாய்ப் போய் ஏஜென்டிடம், "மறைப்பு கட்டித் தாங்கண்ணே, இல்லாட்டி நடுவுல வீட்டுக்குப் போயிட்டுத்தான் வருவோம்" என்றோம். பனையோலைத் தட்டி வந்துவிட்டது. வாளி நாங்கள் வாங்கினது.

நாத்தனாரும் கடைசியில் கிளம்பினாள். அவளுக்கு அடிக்கடி வருவதால் சர்க்கரையும் சேர்த்துப் பார்த்தார்கள், அது சரியாக இருக்கிறது. கல்ச்சர் முடிவை வெள்ளிக்கிழமை போய் வாங்க வேண்டும்.