காலைக் காட்டுங்க, தாஜு

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு. மனைவியின் அலுவலகத்தில் யாருக்கோ பதவி உயர்வு, அதற்கு விருந்து. ரசம் வரும் நேரத்தில் எதிரே உட்கார்ந்திருந்தவர், "அண்ணே, நீங்க ஆர்மியாமே? பார்டர்லயா?" என்று கேட்டார். எல்லோரும் இலையிலிருந்து தலையைத் தூக்கினார்கள். "ஆர்மி மெடிக்கல் கோர். நர்சிங் அசிஸ்டன்ட்" என்றேன். "ஓ, ஆம்பள மிஸ்ஸி!" என்றார். இங்கே நர்ஸை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். மேசை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்துவைத்தேன். அப்பளத்தைத்தான் கொஞ்சம் கூடுதலாக நொறுக்கிவிட்டேன்.

ஊரில் இந்தத் தொல்லை இருந்ததில்லை. வேலூர்ப் பக்கம், கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்லும் வட்டாரம் எங்களுடையது. மிலிட்டரிக்காரன் லீவில் வந்தால் என்ன டிரேடு என்று யாரும் கேட்பதில்லை. டிரங்குப் பெட்டியில் கேன்டீன் பாட்டில் எத்தனை என்பதுதான் கேள்வி. சமையற்காரனுக்கும் பீரங்கிக்காரனுக்கும் ஒரே மரியாதை. எனக்குக் கூடுதலாக ஒரு சலுகை: நான் வந்த மறுநாளே திண்ணையில் சர்க்கரைப் புண், முதுகு வலி, மாமியார் தலைசுற்றல் என்று வரிசை கட்டிவிடும்.

விளக்கம் சொல்லத் தொடங்கினால் ரசம் ஆறிவிடும் என்று அன்று சொல்லவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன். மிலிட்டரி நர்சிங் சர்வீஸ் என்பது வேறு. அதில் பெண்கள்தான், நர்சிங் பட்டம் முடித்து லெப்டினன்டாகவே சேர்வார்கள். நாங்கள் பிளஸ் டூவில் உயிரியல், வேதியியல், இயற்பியல் படித்துவிட்டு சிப்பாயாகச் சேர்ந்தவர்கள். லக்னோவில் மெடிக்கல் கோர் மையம். முதலில் எல்லோரையும் போல டிரில், ரைஃபிள், ஓட்டம். அதற்கப்புறம்தான் உடற்கூறு, கட்டுப் போடுவது, ஊசி, வார்டு வேலை. பாடப்புத்தகம் ஆங்கிலத்தில், பாடம் இந்தியில், எனக்குத் தெரிந்தது தமிழ். பயிற்சி கொடுக்கும் உஸ்தாத் தொடை எலும்பைக் காட்டி ஏதோ கேட்பார். நான் "ஜீ உஸ்தாத்" என்பேன். அடுத்த நிமிடம் மைதானத்தில் உருண்டுகொண்டிருப்பேன். எலும்புகளின் பெயரைவிட அந்த மைதானத்துக் கற்கள் எனக்கு நன்றாகத் தெரியும்.

ஸ்ட்ரெச்சர் டிரில் ஒன்று போதும், ஆளைப் பிழிந்துவிடும். நாலு பேர் தூக்க வேண்டும், நோயாளியின் கால் முன்னால் போக வேண்டும், மேடு ஏறும்போது மட்டும் தலை முன்னால். நோயாளியாகப் படுப்பதற்கு எங்கள் பிளாட்டூனிலேயே கனமான பஞ்சாபியைத்தான் உஸ்தாத் தேடிப் பிடிப்பார். அந்த மகராசன் ஸ்ட்ரெச்சரிலேயே தூங்கிவிடுவான்.

கோலாலம்பூருக்கு வந்தது மனைவியின் வேலைக்காக. ஓய்வு பெற்றவன், ஒட்டிக்கொண்டு வந்தேன். வங்சா மாஜுவில் அடுக்குமாடி வீடு. ஒரு நாள் நடக்கப் போனபோது பார்த்தால், கொஞ்ச தூரத்திலேயே துவாங்கு மிசான் ராணுவ மருத்துவமனை! வாசலில் சீருடைக்காரர்களைப் பார்த்ததும் முதுகு தானாக நிமிர்ந்துகொண்டது. அவர்கள் என்னைப் பார்க்கக்கூட இல்லை. அரை டிராயரும் கையில் ரொட்டிச் சானாய்ப் பொட்டலமுமாக இருந்தவனை யார் பார்ப்பார்கள்?

"சும்மா இருக்கீங்களே, ஏதாவது ஆஸ்பத்திரியில கேட்டுப் பாருங்களேன்" என்றாள் மனைவி. ஒரு தனியார் மருத்துவமனைக்குக் காகிதங்களை எடுத்துக்கொண்டு போனேன். அங்கிருந்த பெண் ஒவ்வொன்றையும் பொறுமையாகப் புரட்டினார். மூன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, முதல் வகுப்பு நர்சிங் அசிஸ்டன்ட் என்று படிப்படியாக ஏறிய சான்றிதழ்கள். "டிப்ளமா எங்கே?" என்றார். இங்கே தாதியாக வேலை பார்க்க வேண்டுமென்றால் தாதியர் வாரியத்தில் பதிவு இருக்க வேண்டும். 1950-ஆம் ஆண்டுச் சட்டம். சட்டத்தில் தப்பில்லை. யார் வேண்டுமானாலும் ஊசி போடலாம் என்றால் நாடு என்னாகும்? ஆனாலும் அந்தக் காகிதக் கட்டைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் சிரித்த சிரிப்பு, செல்லாத நோட்டைத் திருப்பித் தரும் கடைக்காரரின் சிரிப்பு. சரி, காவல் வேலைக்காவது போகலாமா என்றால், வெளிநாட்டுக்காரர்களில் நேபாளிகளை மட்டும்தான் அதற்கு எடுக்கிறார்கள். மருந்துக்கும் ஆகவில்லை, காவலுக்கும் ஆகவில்லை.

போகட்டும், எல்லாம் பழகிவிட்டது. நாலு மணிக்கு இடியோடு வரும் மழை பழகிவிட்டது. தேநீரில் டின் பால் ஊற்றுவது பழகிவிட்டது. விடியற்காலை நாலரைக்கு விழித்துக்கொள்வதுதான் போகவில்லை. ஊர் என்றால் அந்த நேரத்துக்குப் பிறகு கொஞ்சத்தில் வெளுத்துவிடும். இங்கே ஆறரை மணிக்கும் இருட்டு. பால்கனியில் உட்கார்ந்தால் எங்கோ ஏசி இயந்திரம் ஒன்று தம் பிடித்துத் தம் பிடித்து ஓடும். உடனே லடாக்கின் லே நினைவுக்கு வந்துவிடும்.

லே பதினோராயிரத்து ஐந்நூறு அடி. விமானத்தில் வந்து இறங்கும் ஜவானை அப்படியே மேலே அனுப்ப முடியாது. முதல் கட்டம் ஆறு நாள், அதில் முதல் இரண்டு நாள் ஓய்வு மட்டும். இன்னும் உயரம் போக நாலு நாள், அதற்கும் மேலே இன்னொரு நாலு நாள். இருபது வயசுப் பையன்களுக்கு இது புரியாது. "எனக்கு ஒண்ணும் இல்லை சாப்" என்று ஓடுவான், இரவு நுரையோடு இருமுவான். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். ஆக்சிஜன் கொடுக்க வேண்டும், கீழே இறக்க வேண்டும். மேலே ஒரு போஸ்டில் பனிப்புயல், ஹெலிகாப்டர் வராது என்றால் ஹாப்போ பைதான். ஆளை உள்ளே படுக்க வைத்து ஜிப்பை இழுத்து மூடி, காலால் பம்பை மிதித்துக் காற்றழுத்தத்தை ஏற்ற வேண்டும். உள்ளே இருப்பவனுக்குச் சில ஆயிரம் அடி கீழே இறங்கினதுபோல ஆகும். அழுத்தம் ஏறிவிட்டது என்று நிறுத்தவும் முடியாது. அவன் விட்ட மூச்சு வெளியே போக, புதுக் காற்று உள்ளே போக, மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். பையில் உள்ளே தெரிகிற மாதிரி சின்னச் சன்னல் ஒன்று உண்டு. அதன் வழியே ஒரு ராஜஸ்தான் பையன் இரவெல்லாம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் என் ஓட்டை இந்தியில் எங்கள் ஊர் கெங்கையம்மன் திருவிழாவைச் சொல்லிக்கொண்டே மிதித்தேன். அவனுக்குக் கேட்டதோ இல்லையோ, அம்மன் சிரசு ஊர்வலம் வரும் இடத்தில் சிரித்தான். காலையில் ஹெலிகாப்டர் வந்தது.

அந்த மேசையில் இதைச் சொல்லியிருக்கலாம்தான். சாப்பிடும் இடத்தில் நுரை, சளி எல்லாம் எதற்கு?

எங்கள் கட்டடத்து நேபாளிக் காவலர்களில் மூத்தவர், நடையைப் பார்த்தே பழைய கூர்க்கா ரைஃபிள்ஸ் என்று தெரிந்தது. வாரணாசியில் பயிற்சி எடுத்தவராம். "ராம் ராம், தாஜு" (நேபாளியில் அண்ணன்) என்றதும் மனிதர் விறைப்பாக நின்று சல்யூட் அடித்துவிட்டார். லிஃப்டுக்குக் காத்திருந்த சீனப் பாட்டி மிரண்டு போனார். நான் மெடிக்கல் கோர் என்று தெரிந்த நாளிலிருந்து தாஜுவுக்கு நான் "டாக்டர் சாப்". பட்டாளத்தில் அப்படித்தான், டாக்டர் மலைக்குக் கீழே இருப்பார், போஸ்டில் இருக்கும் நர்சிங் அசிஸ்டன்ட்தான் டாக்டர் சாப்.

ஒரு நாள் அவர் கொஞ்சம் சாய்ந்து நடந்தார். "காலைக் காட்டுங்க, தாஜு" என்றேன். கூச்சப்பட்டார். பூட்ஸைக் கழற்றினார். சுண்டு விரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவே தோல் வெள்ளையாக ஊறி, நீளவாக்கில் வெடித்திருந்தது. சேற்றுப்புண். நம் ஊரில் நாற்று நடும் பெண்களுக்கு வருவது. இங்கே பன்னிரண்டு மணி நேரம் நனைந்த பூட்ஸில் நிற்பவர்களுக்கு வருகிறது. லடாக்கில் விரல் கறுத்துவிடுமோ என்று பார்த்த கண்ணுக்கு இது வேறு உலகம். சொன்னது ஒன்றும் பெரிய வைத்தியமில்லை. கழுவு, விரலிடுக்கைத் துடை, நன்றாகக் காயவிடு, பூஞ்சைக் களிம்பு தடவு, புண் ஆறினாற்போல் தெரிந்தாலும் களிம்பை நிறுத்தாதே, பையில் இன்னொரு ஜோடிக் காலுறை வை. மருந்துக்கடையில் யாருக்கும் கிடைக்கிற களிம்புதான். பத்து நாளில் நிமிர்ந்து நடந்தார். அப்புறம் அவர் கூட்டாளிகள் வந்தார்கள். இப்போது திங்கள்கிழமை காலை காவலர் அறைக்குப் பின்னால் வரிசையாகக் கால் நீட்டுகிறார்கள். பட்டாளத்தில் இதற்கென்றே பரேடு உண்டு. புண் பெரிதென்றால், காய்ச்சல் என்றால் நேரே கிளினிக்குக்குப் போகச் சொல்லிவிடுவேன். அது என் வேலை இல்லை.

தைப்பூசத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் பத்துமலை வழியில் தண்ணீர் பந்தல் போட்டார்கள். மோர் கலக்கப் போன என்னைக் கால்கள் இழுத்துவிட்டன. எத்தனை கால்கள்! வெள்ளி ரதத்தோடு ஜாலான் துன் எச்.எஸ். லீ மாரியம்மன் கோயிலிலிருந்து இரவெல்லாம் நடந்து வந்த கால்கள், தார் சுட்ட கால்கள், சிதறுதேங்காய்ச் சில்லு குத்திய கால்கள். இதற்கு மேல் 272 படி வேறு இருக்கிறது. மனைவி ஒரு வாளித் தண்ணீரும் பழைய துண்டுகளும் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள். கொப்புளத்தை உடைக்காதீர்கள் என்று நான் சொல்லச் சொல்ல ஆள் ஆளுக்கு ஊசி தேடினார்கள். அதில் மட்டும் வேலூரும் கோலாலம்பூரும் ஒன்றுதான். சிலாங்கூர்த் தோட்டமொன்றில் பிறந்தவராம், ஒரு பாட்டி, கட்டு முடியும் வரை என் கையையே பார்த்திருந்துவிட்டு, "தம்பி எந்தத் தோட்டத்து டிரசர்?" என்றார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்த ஆண்கள் அவர்கள்; தோட்டமே எழுந்து நிற்குமாம். "லடாக் தோட்டம், பாட்டி" என்றேன். அது பேராக் பக்கமா என்று கேட்டார்.

சென்ற வாரத்திலிருந்து வரிசையில் துப்புரவு வேலை பார்க்கும் பங்களாதேஷ் பையன் ஒருவனும் சேர்ந்திருக்கிறான். ரப்பர் பூட்ஸ், எல்லோரையும்விட மோசமான கால். மாதக் கடைசியில் மனைவி மருந்துக்கடை ரசீதை நீட்டி, "களிம்பு ஆறு டியூப், பவுடர் நாலு டப்பா. நம்ம வீட்ல மொத்தம் எத்தனை காலுங்க?" என்று கேட்டாள். யூனிட்டில் இதற்கெல்லாம் ஸ்டோரில் இன்டென்ட் போட்டால் வந்துவிடும் என்றேன். "போடுங்க, நான் சாங்ஷன் பண்றேனான்னு பார்க்கலாம்" என்றாள். எழுதிக் கொடுத்திருக்கிறேன். பவுடரை இரண்டு டப்பாவாகக் குறைத்திருக்கிறாள்.