'கால் மீ எ டாக்ஸி': ஒரே அச்சில் வரும் ஆங்கில வாக்கியங்களைப் பிரித்துப் பார்த்தது

ஆங்கிலத்தில் ஒரு வினை, அதை ஒட்டி மீ, யூ, ஹிம், ஹெர், இட், அஸ், தெம் ஆகிய ஏழில் ஒன்று, அடுத்து இடையில் எதுவும் இல்லாமல் ஒரு பெயர்ச்சொல். 'கிவ் மீ தி கீ', 'கால் ஹிம் எ லையர்', 'இட் காஸ்ட் அஸ் 500 ருபீஸ்'. வெளியே பார்த்தால் மூன்றும் ஒரே அச்சு, உள்ளே சம்பந்தமே இல்லை. இப்படி வரும் 60 வினைகளை ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டுத் தரம் பிரித்ததன் குறிப்பு இது.

ஷீட்டில் ஆறு பத்தி: வினை, மாதிரி வாக்கியம், தமிழில் என்ன உருபு வருகிறது, 'கிவ் எ பென் டு ஹிம்' என்பதுபோல் ஆளைக் கடைசிக்குத் திருப்பிப் போட்டால் 'டு'வா 'ஃபார்'ஆ, நடுவில் 'இஸ்' போட்டால் பொருந்துகிறதா, ஆர்ட்டிகிள் (எ, ஆன், தி) இல்லாமல் நிற்குமா.

முதல் சல்லடை தமிழ் உருபுதான். இலக்கணப் பெயர் எதுவும் தெரியாதவர்கூட இதை வைத்துப் பாதி வேலையை முடித்துவிடலாம். 'கிவ் ஹிம் எ பென்' என்றால் அவனுக்குப் பேனா கொடு. 'கால் ஹிம் எ லையர்' என்றால் அவனைப் பொய்யன் என்று சொல். '-க்கு' விழுந்தால் ஹிம் வாங்கிக்கொள்கிறவன், '-ஐ' விழுந்து பின்னால் 'என்று' அல்லது 'ஆக' வந்தால் அடுத்த பெயர்ச்சொல் ஹிம்முக்கு ஒட்டும் பட்டம். 'கால் மீ எ டாக்ஸி' என்றவரிடம் 'சரி, நீ ஒரு டாக்ஸி' என்று பதில் சொல்லும் பழைய ஜோக் இந்த இரண்டு உருபுக்கும் நடுவில்தான் ஓடுகிறது. 'ஹீ ஃபௌண்ட் ஹெர் எ குட் டீச்சர்' இன்னும் மோசம். அவளுக்கு நல்ல டீச்சரைத் தேடிக் கொடுத்தானா, அவள் நல்ல டீச்சர் என்று கண்டுகொண்டானா? முன்பின் வாக்கியம் இல்லாமல் தீராது.

'இஸ்' சோதனை எளிது. 'ஹீ இஸ் எ லையர்' வாக்கியத்தின் கருத்தோடு ஒத்துப்போகும், 'ஹீ இஸ் எ பென்' போகாது. ஆர்ட்டிகிள் சோதனையில் கொஞ்சம் கவனம் வேண்டும். 'தே எலெக்டட் ஹிம் பிரசிடென்ட்' என்பதில் 'எ'யும் இல்லை, 'தி'யும் இல்லை. எண்ணக்கூடிய ஒருமைப் பெயர் இப்படி மொட்டையாக நின்றால் அது பட்டம்தான், பொருள் அல்ல. ஆனால் இது ஒருவழிப் பாதை. ஒரே ஆள் வகிக்கும் பதவிக்குத்தான் மொட்டையாக வரும். 'கால் ஹிம் லையர்' ஆங்கிலமே இல்லை. 'கேவ் ஹிம் வாட்டர்' என்பதிலும் ஆர்ட்டிகிள் இல்லை, ஆனால் தண்ணீர் எண்ண முடியாதது. அந்த வரிசையில் இந்தச் சோதனையை எழுதவே கூடாது. எழுதினால் பாதி ஷீட் தப்பாகும்.

'மேக்' ஒரு வினைக்கே மூன்று வரி தேவைப்பட்டது. 'ஷீ மேட் ஹிம் எ சாண்ட்விச்', அவனுக்கு சாண்ட்விச் செய்தாள். 'ஷீ மேட் ஹிம் கேப்டன்', அவனைக் கேப்டன் ஆக்கினாள். 'ஷீ மேட் ஹிம் எ குட் வைஃப்', அவனுக்கு அவள் நல்ல மனைவியாக அமைந்தாள். கடைசியில் உள்ள பெயர்ச்சொல் ஹிம்மைச் சேர்ந்ததே இல்லை, எழுவாயோடு போய் ஒட்டிக்கொள்கிறது.

'-க்கு' விழுந்ததை எல்லாம் 'டு', 'ஃபார்' என்று பிரிப்பது அடுத்த வேலை. கிவ், சென்ட், லெண்ட், ஷோ, டீச் எல்லாம் 'டு'. பை, குக், மேக் எல்லாம் 'ஃபார்'. பிரிக்க ஒரு கேள்வி போதும்: வாங்குகிறவர் இல்லாமலே வேலை முடியுமா? சமைத்துவிட்டு நாமே சாப்பிடலாம், ஆகவே 'ஃபார்'. வாங்க ஆள் இல்லாமல் கொடுக்க முடியாது, ஆகவே 'டு'. பாஸிவிலும் இந்தக் கோடு தெரிகிறது. 'ஹீ வாஸ் கிவன் எ பென்' சரளம், 'ஹீ வாஸ் குக்ட் எ மீல்' காதில் இடிக்கும்.

சல்லடை ஓட்டையானது மூன்று இடத்தில். ஒன்று, காஸ்ட், ஃபைன், என்வி. 'தே ஃபைன்ட் ஹிம் 500 ருபீஸ்', அவனுக்கு 500 ரூபாய் அபராதம் போட்டார்கள். '-க்கு' வந்துவிட்டது, ஆனால் '500 ருபீஸ் டு ஹிம்' என்று திருப்ப முடியாது. பணம் அவனுக்குப் போகவில்லை, அவனை விட்டுப் போகிறது. இரண்டு, ஆஸ்க். தமிழில் '-இடம்' விழும், அதனால்தான் 'ஆஸ்க் டு ஹிம்' என்று வாய் போகிறது. அங்கே 'டு' கிடையாது. மூன்றாவதை எதிர்பார்க்கவில்லை: 'கேவ் ஹிம் எ புஷ்', 'கேவ் இட் எ வாஷ்'. அவனைத் தள்ளினான், அதைக் கழுவினான். பின்னால் 'என்று', 'ஆக' இல்லாவிட்டாலும் '-ஐ'யை மட்டும் பார்த்ததால் பட்டக் கூடையில் போய் உட்கார்ந்துவிட்டன. 'இஸ்' சோதனைதான் இவற்றைத் திரும்ப வெளியே எடுத்தது. இங்கே கிவ்வுக்குக் கொடுத்தல் என்ற பொருளே இல்லை, வேலை முழுவதும் 'புஷ்' தலையில். 'எ புஷ் டு ஹிம்' என்று திருப்பினாலும் சரியாக உட்காராது.

படிக்கும்போது இவ்வளவு உதவும் '-க்கு', எழுதும்போது காலை வாரிவிடும். 'எனக்கு விளக்குங்கள்' என்பது நம் வாயில் 'எக்ஸ்பிளெயின் மீ' ஆகிறது, 'எனக்கு நல்ல மொபைல் சொல்லுங்க' என்பது 'சஜஸ்ட் மீ எ குட் மொபைல்' ஆகிறது. எக்ஸ்பிளெயின், டிஸ்க்ரைப், சஜஸ்ட், அனவுன்ஸ், சே எதுவும் ஆளை வினைக்குப் பக்கத்தில் உட்கார விடாது. 'எக்ஸ்பிளெயின் இட் டு மீ' என்று ஆளைக் கடைசிக்குத் தள்ள வேண்டும். லத்தீன், பிரெஞ்சு வழியாக வந்து, இரண்டாம் அசையில் அழுத்தம் விழும் வினைகள் பெரும்பாலும் இப்படித்தான். முதல் அசையில் அழுத்தம் உள்ள ஆஃபர், ப்ராமிஸ் ஏற்றுக்கொள்கின்றன. விதி என்று நம்பிவிட வேண்டாம். அலவ், அஸைன், அவார்ட், டினை எல்லாம் இரண்டாம் அசையில் அழுத்தம் வைத்துக்கொண்டே 'அலவ் மீ எ மினிட்' என்று வருகின்றன. 'சே' குட்டிச் சொல்லாக இருந்தும் அடம்பிடிக்கிறது. பட்டப் பக்கத்திலும் இதே தொல்லை: 'என்று' என்பதை மொழிபெயர்த்து 'தே கால் ஹிம் ஆஸ் தலைவர்' என்போம். 'கால்' உடன் 'ஆஸ்' வராது. 'ரிகார்ட்' உடன் 'ஆஸ்' இல்லாமல் ஆகாது. அப்பாயிண்ட், எலெக்ட் இரண்டுவிதமாகவும் வரும்.

மாதிரி வாக்கியம் சேர்க்க ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் 'வினை, பிரதிப்பெயர், பிறகு எ, ஆன், தி' என்று தேடல் போட்டதில் குப்பையும் நிறைய வந்தது. 'மெட் ஹிம் தி அதர் டே' வந்தது. அது நேரம், பொருள் அல்ல. டே, வீக், மந்த், இயர், டைம் என்று முடிவதை முதலில் கழித்துவிடலாம், ஆனால் 'கிவ் மீ எ வீக்' என்பதும் கூடவே போய்விடும், கையால் மீட்க வேண்டும். 'டோல்ட் ஹிம் தி ட்ரூத்' சரி, 'டோல்ட் ஹிம் தி ட்ரூத் வாஸ் பிட்டர்' தப்பு. இடையில் 'தட்' விழுங்கப்பட்டிருக்கிறது, 'தி ட்ரூத்' அடுத்த வாக்கியத்தின் எழுவாய். டெல், ஷோ, ப்ராமிஸ் மூன்றுக்கும் பெயர்ச்சொல்லை அடுத்து வினைமுற்று நிற்கிறதா என்று ஐந்தாறு சொல் தள்ளிப் பார்த்தாக வேண்டும். எண்களைத் தேடலில் சேர்க்காவிட்டால் காஸ்ட், ஃபைன் இரண்டும் அநேகமாகக் கண்ணில் படாது.

கடைசிவரை முடிவாகாமல் ஷீட்டில் மஞ்சள் நிறத்தில் நிற்பது 'ஹெர்' வரிகள்தான். ஹிம்முக்கு ஹிஸ், மீக்கு மை, தெம்முக்குத் தேர் என்று உடைமைச் சொல் தனியாக இருக்கிறது. ஹெர் ஒன்றுக்குத்தான் இரண்டும் ஒரே உரு. 'ஹீ ஃபெட் ஹெர் டாக் பிஸ்கட்ஸ்' என்றால் அவளுடைய நாய்க்கு பிஸ்கட் போட்டானா, அவளுக்கே நாய் பிஸ்கட் போட்டானா? ஹெர் வந்த இடத்தில் ஹிம்மைப் போட்டுப் பார்த்து, வாக்கியம் நின்றால் முதல் செயப்படுபொருள், ஹிஸ் போட்டால்தான் நிற்கும் என்றால் உடைமை. இந்த நாய் வரியில் இரண்டும் நிற்கிறது.