ஸ்விக் வழியாகச் சி மாறிலிகளை ஜாவாவுக்குக் கொண்டுவந்த அனுபவம்

சி மொழியில் நான் எழுதியிருந்த வலைத்தொடர்பு நூலகம் ஒன்றை ஜாவாவிலிருந்து பயன்படுத்த, டேவிட் பீஸ்லி 1996-இல் வெளியிட்ட ஸ்விக் கருவியைக் கொண்டு ரேப்பர் (இரு மொழிகளையும் இணைக்கும் இடைநிரல்) உருவாக்கினேன். ஃபங்ஷன்கள் முதல் நாளே வேலை செய்துவிட்டன. நாள்கணக்கில் இழுத்தடித்தவை, ஹெடர் கோப்பில் ஹாஷ் டிஃபைன் மூலம் வரையறுத்திருந்த மாறிலிகள்தான்.

அவற்றை ஜாவாவின் ஸ்விட்ச் கூற்றில் கேஸ் மதிப்புகளாக இட்டவுடன் கம்பைலர் மறுத்தது, ஏனெனில் கேஸ் மதிப்பு கம்பைல் செய்யும்போதே தெரிந்திருக்க வேண்டும். ஸ்விக் உருவாக்கிய ஜாவாக் கோப்பைத் திறந்து பார்த்தேன்: எண் இருக்க வேண்டிய இடத்தில், நிரல் ஓடும்போது ஜேஎன்ஐ (ஜாவா பிற மொழி நிரல்களை அழைக்கும் இடைமுகம்) வழியாகச் சி-யிடம் மதிப்பைக் கேட்டு வாங்கும் அழைப்பு இருந்தது. ஸ்விக்குக்குக் கொடுக்கும் இடைமுகக் கோப்பில் %ஜாவாகான்ஸ்ட்(1) என்று எழுதினால் எண்ணே நேரடியாக ஜாவாவில் இடம்பெறும். ஆனால் அந்த வரி, ஹெடரைச் சேர்க்கும் வரிக்கு மேலே இருந்தாக வேண்டும். 86400000000எல்எல் என்ற ஒன்று மட்டும் கம்பைல் ஆகவில்லை, ஏனெனில் ஜாவா ஒற்றை எல் பின்னொட்டைத்தான் ஏற்கும். அதற்கு %ஜாவாகான்ஸ்ட்(0) கொடுத்து, பழைய அழைப்பு முறைக்கே திருப்பினேன்.

உண்மையான சிக்கல் மேக் கணினியில் காத்திருந்தது. 'பிறகு முயல்க' என்னும் பிழையின் எண் லினக்ஸில் 11, மேக்கில் 35. என் ஹெடர் ஆப்பிளுக்குரிய மேக்ரோ (கம்பைலர் முன்கூட்டியே வரையறுத்து வைத்திருக்கும் பெயர்) இருக்கிறதா என்று பார்த்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தது. சி கம்பைலருக்குத் தெரிந்த அந்த மேக்ரோ ஸ்விக்குக்குத் தெரியாது என்பதால், அது எந்த எச்சரிக்கையும் தராமல் மேக்கிலும் 11-ஐ எடுத்துக்கொண்டது. மறுமுயற்சி செய்ய வேண்டிய நிரல் இணைப்பைத் துண்டித்துக்கொண்டே இருந்தது.

ஜேஎன்ஐ அழைப்புக்குத் திரும்பினால் சரியாகிவிடும் என்று நம்பினேன், சரியாகவில்லை. உருவான சி கோப்பிலும் மாறிலியின் பெயர் இல்லை, 11 என்ற எண்ணே பதிந்திருந்தது. ஆகவே பிழை எண்களை மட்டும் பெயரற்ற ஈனம் (enum, எண்களுக்குப் பெயர் சூட்டும் சி மொழிப் பட்டியல்) ஒன்றாக மாற்றி எழுதினேன். ஈனம் என்றால் ஸ்விக் பெயரையே சி கோப்பில் எழுதுகிறது. மூல ஹெடரும் அங்கே சேர்க்கப்பட்டிருந்தால் மதிப்பைச் சி கம்பைலரே முடிவுசெய்யும். இந்தத் தொகுதிக்கு %ஜாவாகான்ஸ்ட்(0) இட்டதால் ஸ்விட்ச் கூற்றை இஃப் வரிகளாக மாற்ற நேர்ந்தது. அதை நான் இழப்பாகக் கருதவில்லை.

இப்போது ஒவ்வொரு பில்டிலும், ஒரு சிறிய சி நிரல் அச்சிடும் எண்களை ஜாவா காணும் எண்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுகிறேன்.