தண்ணிக்கோடு

"கொஞ்சம் வண்டியை ஓரங்கட்டுங்க சார்."

சென்னைப் புறநகர் முடிச்சூரில் மனை பார்க்கக் கூட்டிப்போன புரோக்கர் அண்ணன், மனையைக் காட்டாமல் பக்கத்து வீட்டுச் சுற்றுச்சுவரைக் காட்டினார்.

இடுப்புக்கு மேலே பழுப்பாக ஒரு கோடு. வெள்ளையடித்தும் முழுசாக மறையவில்லை.

"2015 டிசம்பர்ல தண்ணி இதுவரைக்கும் நின்னுச்சு. வாங்கினா பேஸ்மட்டத்தை உசத்திக் கட்டணும். அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்குங்க."

2 சதவீத கமிஷன் கைநழுவினாலும் பரவாயில்லை என்று பேசுகிற ஆளை இதற்கு முன் நான் பார்த்ததில்லை.

போன மாதம் வேறொருவர். கூலிங் கிளாஸ், ட்ரோன் ஷாட், தினம் ஒரு ரீல்ஸ். கார் கண்ணாடியில் 'நம்பிக்கையின் மறுபெயர்'. வில்லங்கச் சான்று கேட்டதும், "முதல்ல டோக்கன் அட்வான்ஸ் போடுங்க, அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். சரி என்று வந்தவன்தான், இன்னும் போகவில்லை.

இந்த அண்ணனின் கார்டில் போட்டோகூடக் கிடையாது. பெயர், செல் நம்பர், ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண். 2016 ரியல் எஸ்டேட் சட்டப்படி, பதிவு செய்த ஏஜென்ட் முடித்துத்தரும் ஒவ்வொரு விற்பனையிலும் அந்த எண்ணைக் குறிப்பிட வேண்டும். கேட்காமலே அதை நீட்டியவர் இவர்தான்.

தன் பெயரைப் பிரபலமாக்கச் சொல்லித்தரும் பெர்சனல் பிராண்டிங் வகுப்புக்கு ஆயிரக்கணக்கில் பணம் கட்டுகிறார்கள். கறை படிந்த சுவரைக் காட்டச் சொல்லி அங்கே யாராவது சொல்லித்தருவார்களா?

மனை வேண்டாம் என்றுவிட்டேன். மேடான இடமாகப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன், தங்கைக்கும் சேர்த்து.

அவர் நம்பரைப் போனில் 'தண்ணிக்கோடு அண்ணன்' என்று சேமித்திருக்கிறேன்.