கொய்யாவை ஆய்வகத்துக்குக் கொண்டுபோன அனுபவம்

உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே எங்கள் தோட்டத்தில் விளையும் லக்னோ-49 கொய்யாவைத் தொடர்ந்து எடுத்துக்கொள்ள முன்வந்த கோவைப் பழ வியாபாரி ஒருவர், பூச்சிக்கொல்லி எச்சம் பற்றிய ஆய்வறிக்கை வேண்டும் என்று நிபந்தனை வைத்தார். ஆய்வகங்களுக்குத் தரச்சான்று தரும் தேசிய வாரியமான என்ஏபிஎல்லின் அங்கீகாரம் எந்தப் பொருளில் எந்தச் சோதனைக்கு என்று பட்டியலிட்டே வழங்கப்படுவதால், அதில் பழங்கள் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே ஆய்வகத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

முதல் நாள் வெறுங்கையோடு திரும்ப நேர்ந்ததற்கு என் சுத்தமே காரணம். பழங்களைக் கழுவி, துண்டால் பளபளவென்று துடைத்துக் கொண்டுபோயிருந்தேன். “கழுவுனா மேல இருக்கற மருந்து போயிருமுங்கண்ணா, பறிச்சபடியே கொண்டாங்க” என்று மாதிரி வாங்கும் பெண் திருப்பி அனுப்பிவிட்டார். மறுமுறை தோட்டத்தின் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, வெவ்வேறு மரங்களில், உச்சியிலும் தாழ்கிளையிலுமாகப் பறித்தேன். இந்த அளவுப் பழத்துக்குக் குறைந்தது 10 காய்களும் ஒரு கிலோ எடையும் வேண்டும் என்பதே விதி. நான் இரண்டு கிலோவுக்கு மேல் கொண்டுபோனேன்.

படிவம் நிரப்ப, தோட்டத்துக் குடிசையான சாளையில் தொங்கும் மருந்துக் கணக்கு நோட்டை எடுத்துப்போனதுதான் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். அந்தப் பெண் அதில் மேங்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லியின் பெயர்மேல் விரல் வைத்து, “இது பொது டெஸ்டுல தெரியாதுங்கண்ணா” என்றார். பல மருந்துகளை ஒரே தடவையில் தேடும் பொதுச் சோதனையில், தோலோடு கூழாக்கிய பழத்தில் 10 கிராமை அசிட்டோநைட்ரைல் என்னும் கரைப்பான் ஊற்றிக் குலுக்கி, மெக்னீசியம் சல்ஃபேட்டும் உப்பும் சேர்க்கிறார்கள். மெக்னீசியம் சல்ஃபேட் தூள் நீரை உறிஞ்சும்போது சூடேறுவதால், குழாய்களை ஐஸ் தண்ணீரில் நிறுத்தியிருந்ததைக் கண்ணாடி வழியே பார்த்தேன். மேங்கோசெப்போ அந்தக் கரைப்பானில் கரையாது. பழத்தைக் கூழாக்கினாலே சாற்றில் சிதையத் தொடங்கிவிடும். ஆகவே அதற்கெனத் தனியே பழம் எடுத்து, அமிலத்தில் சூடாக்கி, வெளிவரும் கார்பன் டைசல்ஃபைடு வாயுவை அளக்கிறார்கள். கட்டணமும் தனிதான். நோட்டு இல்லாமல் போயிருந்தால், அடித்த மருந்தைத் தேடாத அறிக்கையை மனநிறைவோடு வாங்கி வந்திருப்பேன்.

அறிக்கை வந்தது. பொதுச் சோதனையின் எல்லா வரிகளிலும் கிலோவுக்கு 0.01 மில்லிகிராமுக்குக் கீழ் என்றிருந்தது. நூறு டன் பழத்தில் ஒரு கிராம் என்று கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே அந்த எண்ணின் நுணுக்கம் எனக்குப் பிடிபட்டது. தனி அறிக்கையில் மேங்கோசெப் என்ற பெயரே இல்லை. அதே இனத்தைச் சேர்ந்த சீனெப், தைரம் ஆகியவையும் அதே வாயுவைத் தருவதால், எது அடித்தது என்று அந்தச் சோதனையால் பிரித்துச் சொல்ல முடியாது.

இரண்டையும் அனுப்பிய அன்று மாலையே வியாபாரி தொலைபேசியில் அழைத்தார். “ஏனுங்க, கார்பன் டைசல்ஃபைடுனு போட்டிருக்குதே, அதை எதுக்குங்க அடிச்சீங்க?”