குறட்டை விட்டால் நல்ல உறக்கமா?

எங்கள் ஊர்ப் பக்கம் பெரியவர்கள் யாராவது குறட்டை விட்டால் 'என்னா உறக்கம் உறங்குதாவ பாரு' என்று மெச்சுவார்கள். அம்பாசமுத்திரத்தில் என் பெரியப்பா அந்த ரகம். தார்சாவில் கட்டிலைப் போட்டுப் படுத்தால் தெருமுனை வரை கேட்கும். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தால் வேறு கதை: சத்தம் ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று நிற்கும், நெஞ்சும் வயிறும் அசையும், மூச்சு மட்டும் போகாது, கொஞ்ச நேரம் கழித்து ஒரு திணறலோடு மறுபடி ஆரம்பிக்கும். காலையில் தலைவலி. பகலில் பேப்பரைப் பிடித்தபடியே சாய்ந்துவிடுவார். பென்ஷன் புத்தகத்தை எங்கே வைத்தோம் என்று வீட்டையே புரட்டுவார். 'வயசாச்சுல்லா' என்று பெரியம்மா அதோடு விட்டுவிட்டார்.

இதற்குப் பெயர் ஸ்லீப் ஆப்னியா. தொண்டைத் தசை தளர்ந்து காற்றுப் பாதை அடைபடும், ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும், மூளை பதறி எழுப்பிவிடும். இப்படி இரவெல்லாம் நடந்தாலும் எழுந்தது அவருக்கே தெரியாது. அன்றைக்குப் பார்த்ததும் கேட்டதும் நினைவில் பதிய ஆழ்ந்த உறக்கம் வேண்டும், அதுதான் இங்கே கெட்டுப்போகிறது. பாளையங்கோட்டையில் டெஸ்ட் எடுத்து சிபாப் மெஷின் கொடுத்தார்கள்; குழாயும் மாஸ்க்குமாக மூக்கில் மாட்டிக்கொண்டால் காற்றை அழுத்தி அனுப்பித் தொண்டை அடையாமல் பார்த்துக்கொள்ளும். நெல்லையப்பர் கோயில் யானை மாதிரி இருக்கு என்று திட்டிக்கொண்டேதான் மாட்டுகிறார், ஆனால் பகல் தூக்கம் போய்விட்டது.

சரி, குறைவாக உறங்கினால் டிமென்ஷியா என்கிற மறதி நோய் வருமா? பிரிட்டனில் அரசு ஊழியர்களை 25 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2021-ல் வெளிவந்த ஆய்வில், 50 முதல் 70 வயது வரை தொடர்ந்து 6 மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ உறங்கியவர்களுக்கு, 7 மணி நேரம் உறங்கியவர்களைவிட டிமென்ஷியா ஆபத்து சுமார் 30 சதவீதம் அதிகம். இதை வைத்து உறக்கக் குறைவுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஏனென்றால் டிமென்ஷியா வெளியே தெரிவதற்குப் பல வருஷம் முன்பே உறக்கத்தைக் கெடுக்கவும் செய்யும்.

அப்புறம் நம் ஆச்சிமார். எட்டு மணிக்கே படுத்து மூன்றரைக்கு விழித்துக்கொண்டு 'பொட்டு உறக்கம் இல்ல' என்பார்கள். கணக்குப் போட்டால் ஏழரை மணி நேரம்! 65 தாண்டியவர்களுக்கு 7, 8 மணி நேரம் போதும், வயதானால் உறக்கம் முன்கூட்டியே வந்து முன்கூட்டியே கலைவதும் வழக்கம்தான். இது தெரியாமல் மெடிக்கலில் தூக்க மாத்திரை கேட்டு வாங்கிக் கொடுக்கிறோம். அந்த வயதில் அது தள்ளாட்டத்தையும் குழப்பத்தையும் கொண்டுவரும், ராத்திரி பாத்ரூம் போகையில் விழுந்து இடுப்பெலும்பு முறியும். சளிக்குத் தரும் பழைய வகை மாத்திரைகளில் சிலவும் இதே வேலையைச் செய்யும். வீட்டில் அப்படி ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள், அதுவும் ஆபத்து. மாத்திரை அட்டையோடு டாக்டரைப் பாருங்கள்.