புது கார் ஸ்டீரியோவில் பாட்டு சரியாகக் கேட்கவில்லையா?

புது ஸ்டீரியோ மாட்டிய பிறகு பாட்டு சப்பென்று கேட்டால் உடனே ஸ்பீக்கரைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் கோளாறு டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் வயரில்தான்.

அதிலும் பலர் கவனிக்காமல் விடுவது, பிளஸ் மைனஸ் மாறிப்போவது. ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறியிருந்தால், ஒரு ஸ்பீக்கரின் கூம்பு (அதிர்ந்து ஒலி எழுப்பும் பகுதி) முன்னால் தள்ளும்போது மற்றதன் கூம்பு பின்னால் இழுக்கும். பேஸ், அதாவது 'தும் தும்' என்ற கனத்த ஒலி, காணாமல் போய்விடும். இடது-வலது பேலன்ஸை முழுக்க ஒரு பக்கம் திருப்பிக் கேளுங்கள். அப்போது பேஸ் நன்றாக இருந்து, நடுவில் வைத்ததும் குறைந்தால் சந்தேகமே வேண்டாம். ஸ்பீக்கர் வயரை ஸ்டீரியோவிலிருந்து கழற்றி, அதன் இரு முனைகளையும் 1.5 வோல்ட் பேட்டரியில் ஒரு கணம் தொட வைத்துப் பாருங்கள். பிளஸ்ஸோடு பிளஸ் சேர்ந்தால் கூம்பு வெளியே வரும். ட்வீட்டரில் (கீச்சென்ற மெல்லிய ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) மட்டும் இதைச் செய்ய வேண்டாம்.

ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க 'ஙொய்ங்' என்று சத்தம் ஏறுகிறதா? அது ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் கருவி) இரைச்சல். ஸ்டீரியோவின் கிரவுண்ட் (மைனஸ்) வயரை, பெயின்ட் சுரண்டிய வெறும் உலோகத்தில் இறுக்கமாகப் பொருத்துங்கள். ஸ்டீரியோவிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்குப் பாட்டைக் கொண்டுபோகும் ஆர்சிஏ கேபிள் பவர் கேபிளை ஒட்டிப் போகக் கூடாது.

அப்புறம், திரை எரிகிறது, சத்தமே இல்லை என்றால், காரில் கம்பெனி ஆம்ப்ளிஃபையர் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட ரிமோட் வயரை (ஆம்ப்ளிஃபையரை ஆன் செய்யும் வயர்) இணைக்காவிட்டால் அது இயங்காது.

எந்த வயரில் கை வைக்கும் முன்பும் கார் பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிடுங்கள், தயவுசெய்து.